அப்டேட் போட்டதும் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன்

சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள் நாலைந்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். போன வருஷம் ஆடித் தள்ளுபடி நேரம். ராத்திரி நன்றாக மூடி வைத்த லேப்டாப்பைக் காலையில் திறந்தால் நீலத் திரை. லேப்டாப் கம்பெனியின் அப்டேட் செயலி, நான் தூங்கும் நேரம் பார்த்து பயாஸையும் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) டிஸ்ப்ளே டிரைவரையும் (திரையை இயக்கும் மென்பொருள்) மாற்றி வைத்துவிட்டு, 48 இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நின்றது. டாலி கணக்கு மென்பொருள் உள்ளே. நாலு கடையின் ஒரு மாத பில் உள்ளே. ஜிஎஸ்டி கட்ட வேண்டிய 20-ம் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

இரண்டு நாள் அலைந்தேன், மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "அக்கா, ஃபார்மட் போட்டுடலாம்க்கா, ஒரு மணி நேர வேலை." ஃபார்மட் போடாமலேயே என் லேப்டாப் எழுந்தது. அப்டேட் கெடுத்த கம்ப்யூட்டரில் பெரும்பாலும் உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, எழுந்து நிற்கும் வழிதான் அடைபட்டிருக்கும். அவசரத்தில் நாமோ கடைக்காரரோ செய்யும் காரியத்தில்தான் ஃபைல் போகிறது. அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

சதவீதம் ஏறாமல் 30-லோ 70-லோ நிற்கிறது என்றால் உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். சார்ஜரைச் செருகி வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நிற்பது சகஜம். டிஸ்க் விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டி என்றால் ஒரு மணி நேரம், பழைய டிஸ்க் என்றால் மூன்று மணி நேரம் பொறுப்பேன். இது என் கணக்கு. அதற்கு மேலும் அசையவில்லை என்றால்தான் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, கரண்ட். டெஸ்க்டாப்பில் அப்டேட் ஓடும்போது மின்தடை வந்தால் கதை கந்தல். மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு மின்தடை பட்டியல் முந்தின நாள் பேப்பரிலேயே வந்துவிடும், பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போகும். உங்கள் தெரு அதில் இருந்தால் அன்று காலை அப்டேட் பக்கமே போகாதீர்கள். யுபிஎஸ் இருந்தாலும் அதன் பேட்டரி எத்தனை வருஷம் பழசு என்று யோசித்துவிட்டு நம்புங்கள்.

அணைத்துப் போடும் முன் பென் டிரைவ், பிரிண்டர், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக் கருவி) எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். செருகியிருந்த பென் டிரைவிலிருந்து கிளம்பப் பார்த்து நிற்கும் கம்ப்யூட்டரை, அப்டேட் கெடுத்தது என்று நினைத்து ஆட்டோவில் ஏற்றியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

2. திரையைப் போட்டோ எடுங்கள்

திரையில் என்ன வந்தாலும் ஒரு போட்டோ. பிழை எண், சாவி கேட்கும் திரையில் தெரியும் கீ ஐடி, நீலத் திரையின் அடியில் வரும் ஃபைல் பெயர், எல்லாம் படிக்கும்படி இருக்கட்டும். கடைக்காரரிடம் "என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்று சொன்னால் அவருக்கும் ஃபார்மட்டைத் தவிர வேறு வழி தோன்றாது.

அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள்: கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அதற்குப் பிறகு என்ன அப்டேட் ஓடியது. விண்டோஸ் போட்டதா, லேப்டாப் கம்பெனி போட்டதா, ஆன்டிவைரஸ் போட்டதா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

3. 48 இலக்கச் சாவியைத் தேடுங்கள்

நான் ஒன்றரை நாள் தொலைத்தது இங்கேதான்.

இப்போது வரும் பெரும்பாலான விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த உடனே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிட்லாக்கர் என்று பெயர். தினமும் தானே திறந்துகொள்வதால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. பயாஸ் போன்ற அடிப்படை விஷயம் மாறினால், "இது என் பழைய வீடுதானா?" என்று சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். ரிப்பேர் திரைக்குள் போகும்போதும் கேட்கலாம்.

சாவி பொதுவாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் பிரவுசரைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் தளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெகவரி கீ என்பதைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் சாவி இருந்தால், திரையில் உள்ள கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்போவதை எடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் சாவி ஆபீஸ் ஐடி பிரிவிடம் இருக்கும். சிலர் வாங்கியபோதே பிரிண்ட் எடுத்து பில்லோடு வைத்திருப்பார்கள். பீரோவையும் ஒரு தடவை பாருங்கள்.

என் கணக்கில் சாவி இல்லை. உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் உறைத்தது. லேப்டாப் வாங்கிய அன்று "நாங்களே செட் பண்ணித் தர்றோம்க்கா" என்று கடையில் இருந்த தம்பி வாங்கிக்கொண்டார். அவர் தன் மெயில் ஐடியில் கணக்கைத் திறந்து ஆரம்பித்து வைத்திருந்தார். என் லேப்டாப்பின் சாவி இரண்டு வருஷமாக அவர் மெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்குப் போனால் அவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாம். நம்பர் வாங்கி, கெஞ்சி, அவர் தன் கணக்கைத் திறந்து பார்த்துச் சாவியை அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது. நல்ல பிள்ளை. அந்த பாஸ்வேர்டை மறந்திருந்தால் என் கதி அதோகதிதான்.

சாவி எங்கேயும் இல்லை என்றால் மைக்ரோசாஃப்டே கேட்டாலும் தர முடியாது. டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவது ஒன்றுதான் மிச்சம். "சாவி இல்லாமலேயே உடைத்து டேட்டா எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது ஐயாயிரம், பத்தாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

4. கெடுத்த அப்டேட்டைக் கழற்றுங்கள்

சாவி கையில் வந்ததும் ரிப்பேர் திரைக்குப் போக வேண்டும். விண்டோஸ் ஓரளவு திறக்கிறது என்றால் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். திறக்கவே இல்லை என்றால், விண்டோஸ் கிளம்பும்போது பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் அதுவே ரிப்பேர் திரைக்கு வந்துவிடும்.

அங்கே ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். இரண்டு வகை காட்டும். குவாலிட்டி அப்டேட் என்பது மாதா மாதம் வருவது. ஃபீச்சர் அப்டேட் என்பது விண்டோஸின் பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட். முந்தின நாள் ஓடியது மாத அப்டேட் என்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும், நாலு இலக்க பின் இங்கே எடுபடாமல் போகலாம். அரை மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும். இங்கேயும் பொறுமை.

இந்த நீலத் திரையில் மவுஸ் நகரவில்லை என்றால் பயப்படாதீர்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதி வந்த விண்டோஸ் 11 அப்டேட், ரிப்பேர் திரையில் மட்டும் யுஎஸ்பி மவுஸையும் கீபோர்டையும் செத்துப்போக வைத்தது. ஆபத்துக்கு உதவ இருக்கும் கதவுக்கே பூட்டு! ஆறு நாள் கழித்து, சரியாகத் தீபாவளியன்று, அதற்கு மாற்று அப்டேட் வெளியிட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டிலேயே அம்புக்குறியும் என்டரும் வைத்து முயன்று பாருங்கள்.

டிரைவரோ ஆன்டிவைரஸோ கெடுத்தது என்றால் அப்டேட்டைக் கழற்றும் மெனுவில் அது இருக்காது. அதற்கு சேஃப் மோடு, அதாவது அத்தியாவசிய மென்பொருள் மட்டும் ஓடும் நிலை. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். உள்ளே போனதும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, டிரைவர் பகுதியில் ரோல் பேக் டிரைவர். என் லேப்டாப் சாவி கொடுத்ததும் எழுந்துவிட்டது, ஆனால் திரை விட்டு விட்டுக் கறுத்துப் போனது. இந்த ஒரு பட்டனில் நின்றது. ஐந்து நிமிஷ வேலை, அதற்குத்தான் மூன்று கடை.

2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்களே, அதுதான். அன்றைக்கும் கையால் செய்த வைத்தியம் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான். சாவி தெரியாத இடங்களில்தான் அதுவும் இழுத்தடித்தது.

பதிப்பே மாறிய பிறகு தொல்லை, ஆனால் விண்டோஸ் திறக்கிறது என்றால் செட்டிங்ஸின் ரெகவரி பகுதியில் கோ பேக் இருக்கும். மாறிய நாளிலிருந்து பத்து நாள்தான் கெடு. இடம் காலி செய்கிறேன் என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

5. கழற்றியும் சரியாகவில்லையா? முதலில் ஃபைலை வெளியே எடுங்கள்

விண்டோஸ் திறக்காவிட்டாலும் ஃபைலை எடுக்க ஒரு குறுக்குவழி உண்டு. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குப் போய் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, திரை உறைந்த மாதிரி இருக்கும், விட்டுவிடுங்கள். இந்தத் திரையில் டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம், சி என்பது டி ஆகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

டாலி வைத்திருப்பவர்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். டாலி டேட்டா அங்கே இருக்காது. பெரும்பாலும் சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலிபிரைம், அதற்குள் டேட்டா. உங்களுடையது எங்கே என்று நல்ல நாளிலேயே பார்த்து எழுதி வையுங்கள். டாலி சீரியல் நம்பரும், பதிவு செய்த மெயில் ஐடியும் அதே தாளில் இருக்கட்டும்.

ஃபைல் வெளியே வந்த பிறகு எதையும் துணிந்து செய்யலாம். விண்டோஸ் 11 திறக்கிறது ஆனால் தகராறு செய்கிறது என்றால் செட்டிங்ஸின் ரெகவரி பகுதியில், விண்டோஸ் அப்டேட் வழியாகச் சரிசெய்யும் ரீஇன்ஸ்டால் நவ் உண்டு. ஃபைலும் மென்பொருளும் அப்படியே இருக்க, விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும். ரீசெட் திஸ் பிசி வேறு: கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தாலும் நீங்கள் போட்ட மென்பொருள் எல்லாம் போய்விடும்.

இதற்கிடையே 20-ம் தேதி வந்துவிட்டால்? ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்) தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதம் என்றால் 20 ரூபாய். வட்டி தனி. தனிநபர் கடை என்றால் டிஎஸ்சி வேண்டாம், போனுக்கு வரும் ஓடிபி போதும். தங்கையின் லேப்டாப்பிலிருந்து இரண்டு கடைக்கு அப்படித்தான் கட்டி முடித்தேன்.

6. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

முதலில் வாரண்டி. சீரியல் நம்பரை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் போட்டால் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாரண்டியில் இருந்தாலும் மென்பொருள் கோளாறுக்குப் பணம் கேட்பது உண்டு. பயாஸ் அப்டேட்டால் போர்டே போய்விட்டது என்றால் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள், அது அவர்கள் அனுப்பிய அப்டேட். திருகைக் கழற்றும் முன்னே சர்வீஸ் சென்டர், அப்புறம்தான் வெளிக்கடை.

எடுத்துப் போக வேண்டியவை: பில் நகல், சார்ஜர், நீங்கள் எடுத்த போட்டோ, எழுதிய தாள். பையும் மவுஸும் வீட்டிலேயே இருக்கட்டும். 48 இலக்கச் சாவியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், தேவைப்படும்போது நீங்களே உட்கார்ந்து அடித்துக் கொடுங்கள்.

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருந்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நீல வழித்தட மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். மழைக் காலத்தில் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும். காலை 11 மணிக்கே போனால் உங்கள் கண் முன்னால் வேலை முடிய வாய்ப்பு அதிகம். மாலையில் போனால் "வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க"தான்.

என்னிடம் சொன்ன விலை: வீட்டுப் பக்கத்துக் கடையில் ஃபார்மட்டுக்கு 600 ரூபாய், இன்னொரு இடத்தில் டேட்டாவோடு 1,500, ரிச்சி தெருவில் பிரித்துப் பார்க்க மட்டும் 300. மூன்றாவதுதான் நியாயமாகப் பட்டது. முதலில் என்ன கோளாறு என்று சொல்பவருக்குக் காசு கொடுங்கள், எடுத்த எடுப்பில் ஃபார்மட் என்பவருக்கு வேண்டாம். ஜாப் ஷீட் (வேலைக்கு வாங்கிக்கொண்டதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். அதில் சீரியல் நம்பரும், "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்ற வரியும் இருக்க வேண்டும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஃபார்மட்டே ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பின் உரிமம் போர்டோடு சேர்ந்தே வருகிறது, அதே ஹோம் பதிப்பைப் போட்டால் காசில்லாமல் தானே ஆக்டிவேட் ஆகும். சில கடைகளில் கையில் இருக்கும் கிராக் செய்த ப்ரோ பதிப்பைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் அசல் உரிமம் அதற்குப் பொருந்தாது. வாங்கும்போதே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கடை ஏமாற்றிவிட்டது என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லும் ஜாப் ஷீட்டும் இல்லாமல் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

7. கூகுளில் தேடி எடுத்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள்

கம்பெனி கஸ்டமர் கேர் என்று தேடினால் போலி நம்பர்களும் மேலே வந்து நிற்கும். "ரிமோட்ல பார்க்கிறேன், இந்த ஆப்பைப் போடுங்க" என்றால் வைத்துவிடுங்கள். நம்பர் வேண்டுமென்றால் பில்லிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருப்பதை எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930, சைபர் மோசடி உதவி எண்.

8. எழுந்த பிறகு, அன்றைக்கே

கழற்றிய அப்டேட் அடுத்த நாளே திரும்ப வந்து உட்காரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போய் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) கொடுங்கள், விண்டோஸ் 11-ல் ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். லேப்டாப் கம்பெனியின் அப்டேட் செயலிக்குத் தனி செட்டிங், அதையும் தானாக ஓடாமல் மாற்றுங்கள். இரண்டாவதை நான் மறந்து, அடுத்த வாரமே அந்த டிரைவர் மறுபடி ஏறி உட்கார்ந்தது.

நிரந்தரமாக நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் இதே அப்டேட்தான். நாள் பார்த்துப் போடுங்கள் என்கிறேன். விண்டோஸின் மாத அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய், நம் நேரத்துக்கு இரவு பத்தரை, பதினொன்றரை வாக்கில் வெளியாகும். அதாவது 8-க்கும் 14-க்கும் நடுவில். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரத் தாக்கல்) போடுபவர்களுக்குக் கெடு 11, அடுத்தது 20. கணக்கு வேலை செய்பவர்களின் கழுத்தில் கத்தி வைக்கிற மாதிரியே அமைந்திருக்கிறது. நான் இப்போது 7-ம் தேதி பாஸ் கொடுத்துவிட்டு, 3பி முடித்த மறுநாள், சார்ஜர் செருகி, டேட்டாவை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகே அப்டேட்டைத் திறந்துவிடுகிறேன். அதற்குள் அந்த மாத அப்டேட்டில் கோளாறு இருந்தால் ஊரெல்லாம் தெரிந்திருக்கும். பதிப்பு மாறும் பெரிய அப்டேட்டுக்கு இரண்டு மாதமாவது பொறுப்பேன். 2018 அக்டோபரில் அப்படி ஒன்று சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே அழித்து, மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்த வேண்டி வந்தது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. "அப்டேட்டே வரலை, நிம்மதி" என்று வங்கி வேலையெல்லாம் அதில் செய்துகொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக, லேப்டாப் கையில் நன்றாக ஓடும்போதே ஸ்டார்ட் மெனுவில் பிட்லாக்கர் என்று தேடி, பேக் அப் யுவர் ரெகவரி கீ கொடுத்து, சாவியைப் பிரிண்ட் எடுங்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் அங்கே அனுப்பிய ஃபைலை அழித்துவிட்டு வாருங்கள். என்னுடையது இப்போது ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே கவரில் இருக்கிறது.